ரவை என்று எழுதியிருந்தது

எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். களவாக வைத்திருந்ததல்ல. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, முறையாகப் பதிவுசெய்து, அனுமதிப்பத்திரத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைத்திருந்த துவக்கு. அது சித்தப்பாவுடையது. அப்போது எனக்குப் பதினொரு வயது. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் இருந்த வீட்டில் மேலே அப்பா, அம்மா, அக்கா, நான்; கீழே பேஸ்மென்ற்றில் சித்தப்பாவும் அவருடைய துவக்கும்.

துவக்கு என்றதும் பெரிதாக ஒன்றையும் கற்பனை செய்யவேண்டாம். ஒன்பது அறை உள்ள உருளை சுழலுகிற ஒரு சின்ன றிவோல்வர். இருபத்திரண்டு என்று சொல்லுவார்கள், பென்சில் தடிப்புக்கூட இல்லாத குண்டைச் சுடுவது. சித்தப்பாவைவிட அதற்கு வயது கூட. இரும்பின் நீல நிறம் ஓரங்களில் தேய்ந்து சாம்பலாகியிருந்தது, மரப்பிடியில் நீளமாக ஒரு கீறல். சித்தப்பா வேலைசெய்த பட்டறையில் கடைசல் மெஷினில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகும்போது, நீதான் ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்திருப்பாய் என்று சொல்லி அதை அவருக்கு விற்றார். ஆளைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார். கதவுப் பிணைச்சல், என் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின், எதுவும் சித்தப்பாவின் எண்ணெய்ப் போத்தலுக்குத் தப்பியதில்லை.

அதை வாங்குவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துப் பரீட்சைக்குப் படித்தார். "இவன் உந்தப் படிப்பை ஊரிலை படிச்சிருந்தா இப்ப டொக்ரர்" என்று அப்பா நக்கலடிப்பார். அம்மாவுக்கு நக்கல் வரவில்லை, கோபம்தான் வந்தது. "வெடிச்சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே கடல் தாண்டி வந்தனாங்கள்? இந்த மனுசன் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்து நிக்குது" என்று சட்டி பானைகளிடம் முறையிட்டாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள்: நான் சித்தப்பாவின் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, அவர் சுடப் போகிற இடத்துக்கும் போகக்கூடாது.

ஆனால் படிக்கட்டைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா கிளப்பில் சுட்டுவிட்டு வந்து பழைய பேப்பரை விரித்துத் துவக்கைத் துடைக்கும்போது நான் மூன்றாவது படியில் குந்திக்கொண்டு பார்ப்பேன். அவர் கையை ஓட்டியபடியே கதைப்பார். இந்த வகைப் புல்லட்டுக்குப் பற்றவைக்கிற மருந்து அடிப்பக்கத்து விளிம்பில்தான் இருக்கும், நடுவில் அடித்தால் வெடிக்காது, விளிம்பில் ஊசி அடிக்கவேண்டும். அதனால் வெறும் துவக்கின் விசையை இழுத்து விளையாடக்கூடாது, ஊசி இரும்பில் பட்டு மழுங்கிவிடும். கிழட்டுத் துவக்கு என்பதால் சிலது முதல் அடியில் வெடிக்காது. அப்போது குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் பொறுக்கவேண்டும். பிறகு எடுத்து, கொஞ்சம் திருப்பிப் போட்டு, விளிம்பின் வேறோர் இடத்தில் அடி விழச் செய்யவேண்டும். இவ்வளவும் தெரிந்த மனிதர் நன்றாகச் சுடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். சுட்ட கடதாசியை ஒருநாள் காட்டினார். ஓட்டைகள் எல்லாம் கீழே இடதுபக்கம் கூட்டமாக நின்றன, நடுவில் இருந்த கறுப்பு வட்டம் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

என்னோடு கதைக்கும்போது அவர் 'புல்லட்' என்றுதான் சொல்லுவார். அப்பாவோடு கதைக்கும்போது வேறு சொல் வந்திருக்கவேண்டும், நான் கவனிக்கவில்லை. அதுதான் பிறகு வினையாக முடிந்தது.

புல்லட்டை நான் கண்ணால் கண்டதும் இல்லை. துவக்கும் அதுவும் கிட்டக்கிட்டக் கிடக்கக்கூடாது என்பது சித்தப்பாவின் கண்டிப்பு. துவக்கு விசைப்பூட்டுப் போட்டு, அவருடைய அறைச் சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. மற்றது பேஸ்மென்ற்றின் அடுத்த கோடியில், அம்மா அரிசி, மா, பருப்பு எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் தட்டில். கடதாசிப் பெட்டி கிழிந்து கொட்டுகிறது என்று அம்மாவிடம் வெறும் பால்மாத் தகர ரின் ஒன்றைக் கேட்டு வாங்கி அதற்குள் போட்டார். கிலுங்கிற சத்தத்தைத் தாங்கமாட்டேன் என்று அம்மா சொன்னதால் மேலே தான் போட்டுக் கழித்த பழைய ரீசேட் ஒன்றை அடைந்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரிக் ரேப் ஒட்டினார். அதுவும் அம்மாவுக்குக் காணாது, இன்னும் ஒன்று கேட்டாள்.

"தம்பி, என்ன கிடக்கெண்டு வடிவா எழுதி ஒட்டும். நான் மாறிக்கீறி அடுப்பிலை வைச்சனெண்டால் வீடு மிஞ்சாது."

சித்தப்பா சொன்னதைச் செய்யும் மனிதர். ஒரு துண்டு ரேப்பில் நீலப் பேனையால், தமிழில், அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்: ரவை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆருக்கும் அதில் பிழை தெரியாது. உப்புமாவுக்குப் போடுவதும் ரவைதான், துவக்கில் போடுவதும் ரவைதான். பேப்பரில் அப்படித்தான் எழுதுவார்கள். ரொறன்ரோவில் பிறந்த எனக்கு ஒரேயொரு ரவைதான் தெரியும். இதில் பகிடி என்னவென்றால், எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குள் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசிப்புக்கு முதற்பரிசு எடுத்திருந்தேன். கடைப்பலகை, கோயில் நோட்டீஸ், மிளகாய்த்தூள் பைக்கற் எதையும் விடாமல் உரத்து வாசித்துக்கொண்டு திரிந்த காலம் அது. தமிழே தெரியாத பிள்ளையாக இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது.

அந்த வருடம் இலையுதிர்கால முடிவில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்காவைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கேட்டு என்றால், அக்காவும் அத்தானும் யூனிவேர்சிற்றியில் நாலு வருடம் ஒன்றாகத் திரிந்து தாங்களே முடிவெடுத்த விஷயம். பெரியவர்கள் கூடிக் கதைத்து, தாங்கள் ஒழுங்குசெய்த மாதிரி ஒரு தோற்றம் காட்டவேண்டும், அவ்வளவுதான். அத்தான் வேலை விஷயமாக வேறு நகரத்தில் இருந்தார். மோர்னிங்சைட்டில் இருந்து அவருடைய அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அக்கா காலையிலிருந்து மூன்று சேலை மாற்றிவிட்டாள். அத்தானின் அப்பா வேண்டாம் என்றால் அத்தான் மீறமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மனிதரை அவர்கள் வீட்டில் ஒருவரும் மீறியதில்லையாம்.

அம்மா எல்லாருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டிருந்தாள். "துவக்குக் கதை ஒருத்தற்றை வாயிலும் வரப்படாது. கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்." சித்தப்பா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு ஒரு மூலையில் வாயே திறக்காமல் இருந்தார். அவரை ஊமை என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அத்தானின் அப்பா மெலிந்த, உயரமான மனிதர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதிகம் கதைக்கவில்லை. ஆனால் அம்மாவின் ரவை லட்டுத் தட்டை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! சீனி வருத்தக்காரர், நீரிழிவு. ஒன்று எடுத்தார், இரண்டாவதுக்குக் கை போனபோது மனுசி ஒரு பார்வை பார்த்தா, கை திரும்பிவிட்டது. அம்மாவுக்கு அதைக் கண்டதும் உள்ளம் உருகிவிட்டது. அவர்கள் எழும்பிச் சப்பாத்துப் போடுகிற நேரம் என் காதுக்குள் சொன்னாள்.

"ஓடிப்போய்க் கீழ்த்தட்டிலை கிடக்கிற ரவை ரின்னை எடுத்துக்கொண்டு வந்து அங்கிளிட்டைக் குடு. வீட்டை போனாப்பிறகு திறக்கச் சொல்லு, காருக்குள்ளை நெய் பிரண்டுபோம்."

ரவை லட்டு ரின் என்றுதான் சொன்னேன் என்று அம்மா இன்றுவரை சத்தியம் செய்கிறாள். அவள் சொல்லவில்லை. நான் அதில் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

தட்டில் ஒரேமாதிரி இரண்டு பால்மா ரின் இருந்தன. ஒன்றில் ஒன்றும் எழுதவில்லை. மற்றதில் ரவை என்று எழுதியிருந்தது. வாசிப்பில் முதற்பரிசு எடுத்த பிள்ளை எதைத் தூக்கும்? நல்ல கனமாக இருந்தது. அம்மாவின் லட்டு எப்போதும் அப்படித்தான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நத்தார்ப் பரிசு போட்டு ஆரோ தந்த மினுங்கல் பைக்குள் அதை வைத்து, வாசலுக்கு ஓடி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அங்கிள், இது உங்களுக்கு. வீட்டை போய்த்தான் திறக்கட்டாம்."

அவர் குனிந்து வாங்கினார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்து, கெட்டிக்காரி என்றார். அப்பா பின்னால் நின்று கையைக் கூப்பி, "ஆறுதலா யோசிச்சு ஒரு நல்ல முடிவாச் சொல்லுங்கோ. நாங்கள் கனநாள் பொறுக்கமாட்டம்" என்று தன் பகிடியைத் தானே ரசித்துச் சிரித்தார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். சத்தமில்லை. புதன்கிழமை அத்தானின் அம்மா போன் எடுத்து அழாத குறையாகச் சொன்னா. "எனக்கு உங்களைப் பாக்க முகமில்லை. இவர் இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டுறார். காரணம் கேட்டால் வாய் திறக்கிறார் இல்லை. சாப்பாடுமில்லை. யன்னல் கேற்றனை எல்லாம் இழுத்து மூடி வைச்சுக்கொண்டிருக்கிறார்."

எங்கள் வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. அக்கா அறைக்கதவைப் பூட்டிக்கொண்டாள். போனில் அத்தானோடு அழுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. அம்மா தான் போட்ட சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டதோ, சேலை நிறம் பிழையோ என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தாள். ஊரில் ஒருகாலம் தன் அண்ணன் சீதனம் கேட்கப் போய்ப் பட்ட அவமானத்தை எல்லாம் ஏன் இழுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா அந்தக் கிழமை முழுவதும் துவக்குப் பெட்டியைத் திறக்கவில்லை. தன் துவக்குக் கதைதான் எப்படியோ அவர்களுக்கு எட்டிவிட்டது என்று நினைத்திருக்கிறார், பாவம்.

அடுத்த ஞாயிறு காலை மனது கேட்காமல் கிளப்புக்குப் போக வெளிக்கிட்டவர், தட்டுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு எழுதாத ரின்னின் மூடியைத் திறந்தார். திறந்த கையோடு மேலே வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அடுக்கு அடுக்காக லட்டு.

"அண்ணி, இது இஞ்சை இருந்தால்... மற்றது எங்கை?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எனக்கு ஒரு குற்றவுணர்வும் இல்லை. "அதிலை ரவை எண்டு வடிவா எழுதியிருந்தது" என்றேன்.

சித்தப்பா அப்படியே படிக்கட்டில் குந்திவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. லட்டு ரின்னை மூடிவிட்டுச் சொன்னார். "ஊரிலை ஒருத்தனுக்கு ரவை ஒண்டு அனுப்பினாலே காணும். நாங்கள் இருநூறை அனுப்பிப்போட்டு, நல்ல முடிவாச் சொல்லுங்கோ எண்டு வேறை சொல்லியிருக்கிறம்."

எதுக்குக் காணும் என்று கேட்டேன். சித்தப்பா எழும்பித் தன் பத்திரங்களை எடுக்கக் கீழே இறங்கினார். அக்கா அறையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்து, "ஐ ஹேற் யூ, ஐ ஹேற் திஸ் ஹவுஸ்" என்று கத்திவிட்டுத் திரும்பவும் கதவை அடித்துச் சாத்தினாள். அதுதான் எனக்கு முதல் தடவையாகச் சுட்டது. அக்கா என்னைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள்.

போன் பண்ணி விளங்கப்படுத்தக்கூடிய விஷயம் இல்லை என்று அப்பா சொன்னார். அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் காரில் வெளிக்கிட்டோம். லட்டு ரின் என் மடியில். சித்தப்பா தன்னுடைய அனுமதிப்பத்திரம், பதிவுப்பத்திரம், கிளப் அட்டை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். லைசென்ஸ் இல்லாத ஆளிடம் ரவை போய்ச் சேர்ந்துவிட்டது, அவர் பொலிசுக்குச் சொல்லியிருந்தால் எல்லாம் போச்சு என்று வழிநெடுக முணுமுணுத்தார். "உன்ரை லைசென்ஸை அடுப்பிலை போடு, பெட்டையின்ரை வாழ்க்கை போகுது" என்று அப்பா ஒரு சத்தம் போட்டார்.

மோர்னிங்சைட்டில் அவர்கள் வீட்டுக் கதவு சங்கிலியோடு ஒரு சாண் திறந்தது. அத்தானின் அப்பா. ஒரு கிழமைத் தாடி. சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் தோளில் மாட்டுகிற பை ஒன்று நிரம்பியபடி தயாராக இருந்தது. எங்கேயோ சுற்றுலா போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா விளக்கம் சொல்லத் தொடங்கினார். அவசரத்தில் எல்லாம் குழம்பியது. லட்டு, ரின், தம்பி, கிளப், அரசாங்க அனுமதி. சித்தப்பா சங்கிலி இடைவெளிக்குள்ளால் ஃபைலை நீட்டினார். அந்த மனிதர் அதை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். சங்கிலியைக் கழற்றிவிட்டு வாசலில் எனக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, அந்த ரின்னை உம்மட்டை ஆர் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை அங்கிள். நான்தான் தட்டிலையிருந்து எடுத்தனான்."

"ஆரும் வெளியாக்கள் தந்தவையோ?"

"இல்லை. நான்தான் எடுத்தனான்."

"வீட்டை போய்த் திறக்கட்டாம் எண்டனீர். ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"அம்மா. காரிலை நெய் பிரளுமெண்டு."

திரும்பவும் முதலாவது கேள்வியைக் கேட்டார். நானும் திரும்பச் சொன்னேன். மனிதருக்குக் காது மந்தம் போல என்று நினைத்து அடுத்த பதிலைக் கத்திச் சொன்னேன். கடைசியாகக் கேட்டார், "கொண்டுவந்து தரேக்கை உமக்குப் பயமாயிருந்ததோ?"

"என்னத்துக்குப் பயம்? லட்டுத்தானே!"

மடியில் வைத்திருந்து கொண்டுவந்த உண்மையான ரின்னைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு லட்டை எடுத்தார். பின்னால் மனுசி நிற்பது தெரிந்தும் முழுவதையும் வாய்க்குள் போட்டார். மனுசி அதட்டினா, அப்படித்தான் உண்மை வெளியே வந்தது. சீனி வருத்தத்துக்குப் பயந்து, அன்றைக்கு வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கராஜில் ஒளிந்துநின்று களவாகத்தான் அந்த ரின்னைத் திறந்திருக்கிறார். அதனால் மனுசிக்கும் ஒன்றும் தெரியாது. ரீசேட்டைத் தூக்கிப் பார்த்தவர் மூடிவிட்டு, ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போயிருக்கிறார்.

கனடாவில் ஒருவர் வீட்டுக்கு இருநூறு ரவை வந்தால் பொலிசைக் கூப்பிடுவார். எங்கள் ஆட்கள் அதைக் கிடங்கு வெட்டிப் புதைப்பார்கள். ரோசாச் செடிக்குக் கீழே இருந்து அவரும் சித்தப்பாவுமாகத் தோண்டி எடுத்தார்கள். முதல் பனி விழுந்து மண் மேலாக இறுகியிருந்தது. சித்தப்பா ரின்னைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, தப்பினேன் என்று மூச்சு விட்டார். அப்பா, "அப்ப அண்ணை, மற்ற விஷயம்..." என்று இழுத்தார்.

"ஓம். நான் ஒண்டு கேப்பன்" என்றார் அத்தானின் அப்பா. "உது முழுக்க முடியவேணும். என்ரை கண்ணுக்கு முன்னாலை. ஒண்டும் மிஞ்சப்படாது. பிறகு கலியாணம் கதைப்பம்."

"சுட்டோ?" என்றார் சித்தப்பா.

"வேறை என்ன, அவிச்சோ? சுட்டுத்தான். இந்தப் பிள்ளையும் வரவேணும்."

அம்மா சம்மதிக்கமாட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் அக்காவின் அறைக்கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, என் காதுகளுக்குப் பஞ்சு எடுத்துத் தந்தாள்.

அடுத்த ஞாயிறு நகரத்துக்கு வடக்கே இருந்த கிளப்புக்குப் போனோம். வெளியில் பார்த்தால் சாமான் கிடங்கு மாதிரி ஜன்னலில்லாத கட்டடம். உள்ளே வெடிமருந்து மணம், எண்ணெய் மணம். எங்களுக்குக் கண்ணாடியும் காதுமூடியும் தந்து கோட்டுக்குப் பின்னால் ஒரு நீள மரவாங்கில் இருத்தினார்கள், என்னையும் அத்தானின் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில். அப்பா சித்தப்பாவுக்கு ரவை எடுத்துக் கொடுக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். அப்போதுதான் நான் முதல்தடவையாக அதைக் கண்டேன். பித்தளைக் குழாயில் ஈயத்தலை. இதையா நான் லட்டு என்று காவிக்கொண்டு போனேன் என்றிருந்தது.

ஒன்பது போட்டார், உருளையை மூடினார், கையை நீட்டினார். சத்தம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதில்லை. பலகையை நிலத்தில் படாரென்று போட்ட மாதிரி. ஒன்பது சத்தம். திறந்து, வெறும் கோதுகளைக் கொட்டி, திரும்ப ஒன்பது. முதற் கடதாசியில் எல்லாம் வழக்கம்போல் கீழே இடதுபக்கம். அக்காவின் கலியாணம் தன் கையில் தங்கியிருக்கிறது என்ற பதற்றத்தில் சில கடதாசியிலேயே படவில்லை. படவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, முடியவேண்டும் என்றுதான் அத்தானின் அப்பா கேட்டார்.

எட்டாவது சுற்றில் சித்தப்பாவின் விரல் சிவந்துவிட்டது. பன்னிரண்டாவதில் கைக்குட்டையைச் சுற்றினார். துவக்கும் களைத்துப்போய் அழுக்குப் படிந்து, உருளை இறுக்கமாகச் சுழன்றது. சில ரவை வெடிக்கவில்லை. படியில் இருந்து கேட்ட பாடம் எனக்கு நினைவு வந்தது. குழலை அசைக்காமல் அரை நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு அடித்தால் அநேகமாக வெடிக்கும். கிளப்பில் மேற்பார்வை பார்க்கிற மனிதர் வந்து, ஏதும் போட்டிக்குப் பழகுகிறாயா என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா யோசித்துவிட்டு ஓம் என்றார்.

மூன்று மட்டும் எத்தனைதரம் அடித்தும் வெடிக்கவில்லை. அவற்றைப் போடுவதற்கென்று அங்கே ஒரு பெட்டி இருந்தது. அத்தானின் அப்பா எழும்பிப் போய், அவை அதற்குள் விழுவதைப் பார்த்தார். பிறகு ரின்னைக் கவிழ்த்து அடியில் தட்டினார். ரீசேட்டை உதறினார். அதன் மடிப்புக்குள் இருந்து இரண்டு விழுந்தன. சித்தப்பா அந்த இரண்டையும் போட்டுச் சுட்டார். கடைசியாகப் போனது கறுப்பு வட்டத்தின் நடுவில் பட்டது, அது கைதவறித்தான் பட்டிருக்கவேண்டும்.

"சரி" என்றார் அத்தானின் அப்பா. "தை மாதத்திலை வைப்பம்."

"தையிலை கலியாண ஹோல் கிடைக்கவேணுமே" என்றார் அப்பா. அவருக்கு அப்போதுதான் உயிர் வந்திருந்தது. அன்று பின்னேரம் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, வெறுக்கிறேன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். கலியாணத்தில் எனக்குத் தோழிச் சேலையும் வாங்கித் தந்தாள். ரவை லட்டு மட்டும் பந்தியில் வைக்கவில்லை.

துவக்கு இன்னும் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. இப்போது கைத்துவக்குகளை விற்கவோ கைமாற்றவோ முடியாது என்று சட்டம் வந்துவிட்டது, அதனால் அவரும் அதுவும் ஒருவரையொருவர் விட்டுப் போகமுடியாது. ரின்னில் 'துவக்கு ரவை' என்று எழுதி வைத்திருக்கிறார்.

கதை முடிந்துவிட்டது என்றுதான் பல வருடமாக நினைத்திருந்தேன். கலியாண வீடுகளில் நூறுதரம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். போன வருடம் அத்தானின் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு நான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சீனி கண்ணுக்கு ஏறிவிட்டது. எல்ஸ்மியர் வீதியில் வாகன நெரிசலில் நின்றபோது, கேட்காமலே சொன்னார்.

ஊரில் அவர் படிப்பித்த காலத்தில், ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளை உருட்டும்போது அவருடைய வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடிவந்து ஒரு கடித உறையை இரண்டு கையாலும் நீட்டியதாம். "சேர், இது உங்களுக்கு. வீட்டை போய்த் திறக்கட்டாம்." உள்ளே ஒரு ரவை. கடிதம் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி அனுப்பக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள், ஆர் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதற்கு ஒரு அர்த்தம்தான், அது எல்லாருக்கும் தெரியும். அன்று பின்னேரமே ஒரு பையோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர் திரும்பிப் போகவேயில்லை.

"அந்தப் பிள்ளைக்கும் அண்டைக்கு நீர் இருந்த வயதுதான். நான் அதிட்டை ஒண்டும் கேக்கேல்லை, பாரும். ஆர் தந்தது, என்ன சொல்லி வெருட்டினவங்கள், ஒண்டும் கேக்கேல்லை. என்ரை உயிரைக் காப்பாத்த ஓடினனான். அது பயந்துகொண்டு நிண்டிருக்கும். நான் போனபிறகு அதுக்கு என்ன நடந்ததோ தெரியாது."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் காரை எடுத்தேன்.

சுடுகிற இடத்துக்கு என்னை ஏன் வரச் சொன்னார் என்று அம்மா அந்த நாளில் துருவித் துருவிக் கேட்டாள். எனக்கு விளையாட்டுக் காட்ட என்று சொன்னேன், நான் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அன்றைக்கு அவர் சித்தப்பாவையும் பார்க்கவில்லை, கடதாசியையும் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட இருநூறு வெடிச்சத்தம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருந்த என்னைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நான் மூக்கையும் கன்னத்தையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகும் அவர் பார்ப்பதை நிறுத்தாதபடியால், அவரைப் பார்த்துச் சிரித்தேன்.